ஐம்பத்தொரு வால்

பட்டிப்பொலைக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மீனுக்குக் காவல்காரன் உண்டு. சும்மா மீனில்லை. சீமையிலிருந்து ஐஸ் பெட்டியில் முட்டையாகக் கப்பலேறி வந்த வம்சம். வருஷா வருஷம் நுவரெலியாவில் குஞ்சு பொரிக்கவைத்து, தகரப் பீப்பாயில் கொண்டுவந்து தோட்டத்து ஆற்றில் விடுவார்கள். துரைமார் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து அதைப் பிடிப்பார்கள், அளப்பார்கள், அடுத்த துரையின் மீனைவிடத் தன் மீன் நீளம் என்று வாதாடுவார்கள். லயத்து வரிசை அறைகளில் குடியிருந்த தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் துரைமீன். தொழிலாளி ஒருவன் துரைமீனைத் தொட்டால் பெயர் வெட்டு. வேலையும் போகும், லயத்து அறையும் போகும்.

காவல்காரன் ஆண்டியப்பனின் தாத்தாவும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்தான். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், இங்கேயே பிறந்த பேரனை இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மீனிடம் யாரும் பிறப்புப் பத்திரம் கேட்கவில்லை. அதே வருஷத்தில்தான் ஆண்டியப்பனை மீனுக்குக் காவல் போட்டார்கள்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மலையில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்தபோது மேலேயிருந்து உருண்ட கல் ஒன்று அவன் இடது முழங்காலை நொறுக்கிவிட்டது. அந்தக் காலோடு மலை ஏற முடியாது. பெயரை வெட்டியிருப்பார்கள். நல்ல நேரம், ஆற்றில் நீர்நாய்கள் மீனைத் தின்கின்றன என்று துரைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஆண்டியப்பன், நீ ஆத்துல காவல். நீர்நாய் எல்லாம் கொல்லு. உடம்பு கொண்டு வராதே, நாறும். வால் கொண்டு வா" என்றார் துரை. இருபது வருஷமாக இந்த மலையில் இருந்து கற்ற தமிழ் அது. உத்தரவு போடும் அளவுக்குப் போதும்.

சொல்வது சுலபம். நீர்நாய் என்ன, கட்டிப்போட்ட ஆடா? ஆண்டியப்பன் நாற்பது நாள் பொறி வைத்தான். நீர்நாய்கள் இரையை மட்டும் நாசூக்காக எடுத்துக்கொண்டு, பொறியை அவனுக்கே விட்டுவிட்டுப் போயின. நாற்பத்தோராம் நாள் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. மாத முடிவுக்குள் வால் வராவிட்டால் வேறு ஆள் பார்க்கப்படும் என்று செய்தி. 

அந்த வாரம்தான் அவன் மனைவி வேலாயியின் கோழிகளைத் திருடிக்கொண்டிருந்த மரநாய் லயத்துக் கூரையில் மாட்டியது. கறி அன்றைக்கே குழம்பாகிவிட்டது. வால் மட்டும் வாசலில் வெயிலில் கிடந்தது. நீளமான, உருண்டையான, மெத்தென்று மயிர் நிறைந்த பழுப்பு வால்.

ஆண்டியப்பன் அதைப் பார்த்தான். வேலாயி அவனைப் பார்த்தாள்.

"தொரைக்கு மட்டும் என்ன தெரியும்? அவரு என்ன ஆத்துலயா குடியிருக்காரு?" என்றாள்.

ஆண்டியப்பன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். துரை வாலை வாங்கி, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "குட்! இது நல்ல பெரிய நீர்நாய்" என்றார். அப்பு என்று எல்லாரும் கூப்பிடும் பங்களா சமையல்காரர் லியனார்டை வரவழைத்து, உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி, முன் ஹாலில் ஒரு பலகையில் அடிக்கச் சொன்னார். லியனார்ட் அப்புவும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எது எந்த வால் என்று அவருக்குத் தெரியாதா? ஆண்டியப்பனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பித்தளை ஆணி தேடப் போனார்.

அப்படித்தான் தொடங்கியது. ஒன்பது வருஷத்தில் ஐம்பத்தொரு வால். ஒவ்வொன்றின் கீழும் துரை தன் கையால் தேதி எழுதிய சீட்டு. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் விஸ்கி கிளாசோடு பலகையின் முன் நின்று நீர்நாயின் வாலைப் பற்றி விவாதித்தார்கள். எப்படிப்பட்ட வால் ஆணுடையது, எது கிழத்தினுடையது என்றெல்லாம் துரை விளக்கம் சொல்வார். அந்த மலையில் நீர்நாயைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பெயரெடுத்தார். ஒரே ஒரு நீர்நாயைக்கூட அவர் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

மீனும் பெருகியது. பெருகாமல் என்ன செய்யும், வருஷத்துக்கு மூன்று பீப்பாய் குஞ்சு கொட்டினால்? ஆனால் துரை அந்தப் பெருமையை ஆண்டியப்பனுக்கே கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு பழைய கோட்டும் கொடுத்தார்.

ஆண்டியப்பன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தினமும் ஆற்றங்கரையில் உட்கார்ந்தான். காவல்காரன் உட்காரத்தானே வேண்டும். அடிக்காத மனிதனை நீர்நாய்கள் எத்தனை நாளைக்குப் பார்த்து ஓடும்? முதலில் அக்கரையில் எட்டிப் பார்த்தன. பிறகு நடுப்பாறைக்கு வந்தன. கடைசியில் அவன் காலுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து நண்டு தின்னத் தொடங்கின. நண்டுதான். அவற்றின் எச்சத்தைக் கிளறிப் பார்த்தவன் அவன். நண்டு ஓட்டைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இருக்காது. எப்போதாவது ஒரு துரைமீன் மாட்டும். அதை எல்லாருமாகப் பங்குபோட்டுச் சத்தமாகத் தின்னும். நெற்றியில் வெள்ளைத் தழும்பு உள்ள கிழ நீர்நாய் ஒன்று, அவன் வரச் சுணங்கினால் பாறையில் ஏறி நின்று சீட்டியடிக்கும். அவனுக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை இல்லாத மனிதன். வேலாயியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆண்டியப்பன் உண்மையாகவே ஒரு மிருகத்தை ஒழித்திருந்தான். மரநாயை. ஒன்பது வருஷம் கூரை கூரையாகப் பொறி வைத்ததில் தோட்டத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கோழிகள் நிம்மதியாகத் தூங்கின. எலிகள் நிம்மதியாகப் பெருகி, லயத்துத் தோட்டங்களில் ஊன்றிய உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றன. ஐந்து மாதம் ஒரு வாலும் கிடைக்கவில்லை.

துரை அதற்குக் கோபிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஆண்டியப்பனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார்.

"நீர்நாய் எல்லாம் முடிஞ்சது! வெரி குட், ஆண்டியப்பன். இனி ஆத்துக்குக் காவல் வேண்டாம். ஒண்ணாம் தேதி நீ பெரட்டுக்கு வா. மலையில வேலை."

அவன் முழங்காலைக் காட்டினான். துரை ஏற்கனவே பத்திரிகையை விரித்துவிட்டார்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். இரண்டு நாள் மலையில் தவழ்வான், மூன்றாம் நாள் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பெயரை வெட்டுவார். வேலாயிக்கு மூச்சிரைப்பு வந்ததால் போன வருஷமே அவள் பெயரை வெட்டியாகிவிட்டது. இப்போது அவன் பெயரில்தான் அந்த அறை நின்றது.

வேலாயி அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கொஞ்ச நேரம் இரைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீர்நாய் இன்னும் இருக்குன்னு காட்டிட்டா வேலை நிக்குமில்ல?"

"மரநாய்க்கு எங்க போறது?"

"மரநாய் எதுக்கு? நெசமாவே ஒன்ன அடிச்சுக் கொண்டு போங்க. அங்கதான கெடக்குதுங்க."

அவன் மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்தான், திரும்ப வைத்தான். அவள் விடவில்லை.

"வாலை மட்டும் கொண்டு போகாதீங்க. முழுசாவே கொண்டு போங்க. இந்தத் தடவை நெசந்தான, என்ன பயம்?"

மறுநாள் காலை மூடுபனி கலையுமுன் ஆற்றுக்குப் போனான். பனி விலகியதும் மற்ற நீர்நாய்கள் எல்லாம் தூரத்தில் இருந்தன. கிழம் மட்டும் வழக்கம்போல நண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கையில் தடி இருந்ததை அது பார்த்தது. ஒன்பது வருஷமாகப் பார்த்த தடிதானே. ஒரே அடி. கத்தவும் இல்லை. அக்கரையில் ஒரு சீட்டி கேட்டது, பிறகு ஆற்றில் ஒன்றும் இல்லை. ஆண்டியப்பன் பாறையில் உட்கார்ந்து அழுதான். கோட்டைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு நொண்டிக்கொண்டே ஏறினான்.

துரை காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு முன் ஹாலில் இருந்தார். லியனார்ட் தேநீர்த் தட்டோடு நின்றார். ஆண்டியப்பன் கோட்டை விரித்தான்.

"நீர்நாய், தொரை. இன்னும் இருக்குங்க. ஆத்துல நெறைய இருக்குங்க."

துரை குனிந்து பார்த்தார். வாலைத் தூக்கினார். அடியில் தடித்து, நுனியில் ஒடுங்கி, அடிப்பக்கம் தட்டையாக, குட்டை மயிரோடு இருந்தது. பலகையைப் பார்த்தார். திரும்ப வாலைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இது நீர்நாய் இல்லை."

"நீர்நாய்தாங்க, தொரை."

"பொய் பேசாதே. நீர்நாய் வால் எனக்குத் தெரியும். ஐம்பத்தொண்ணு பார்த்திருக்கேன்! இது வேற ஏதோ மிருகம். வேலைக்காக ஒரு பாவப்பட்ட மிருகத்தைக் கொன்னிருக்கே."

 அந்த நேரத்தில் ஆண்டியப்பனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நிஜம்.

"அதெல்லாம் மரநாய், தொரை! ஐம்பத்தொன்னும் மரநாய்! லயத்துல புடிச்சது. இது ஒன்னுதாங்க நீர்நாய். சாமி சத்தியமா."

துரை சிரித்துவிட்டார். பெரிய மனிதர்கள் ஏழையின் உளறலைக் கேட்டு இரக்கப்பட்டுச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஒன்பது வருஷப் பொய்யை ஆணியடித்து மாட்டியவர், நிஜத்தைக் கையில் தொட்டும் நம்பவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு சாட்சி கேட்டார்.

"அப்பு, அது மரநாய் வாலா?"

லியனார்ட் பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு ஆணியும் அவர் அடித்தது. அவருக்கும் பங்களாப் பின்கட்டில் ஒரு அறை இருந்தது, அதில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள்.

"எனக்கு இந்த மிருகங்களப் பத்தியெல்லாம் தெரியாதுங்க, தொரை. நமக்குச் சமையல்தான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அவர் வழக்கத்தைவிட நெடுநேரம் முழந்தாளில் நின்றதாகச் சொல்வார்கள்.

துரை தீர்ப்புச் சொன்னார். மீனைத் தின்னும் நீர்நாயை ஒழிப்பது வேறு; யாருக்கும் தீங்கு செய்யாத, பெயர்கூடத் தெரியாத இந்த அபூர்வ மிருகத்தைக் கொல்வது வேறு. இனி அவர் தோட்டத்தில் யாரும் இதைத் தொடக்கூடாது. அதைப் பாதுகாக்க ஆற்றுக்கு உடனே ஒரு காவல்காரன் வேண்டும். நல்ல காலுள்ள ஆள். ஆண்டியப்பன் ஆற்றுப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவனுடைய முதல் வேலை.

அழகுமுத்துவைப் போட்டார்கள். இருபத்தைந்து வயது, கொழுந்துச் சாக்கு இரண்டைச் சேர்த்துத் தூக்குகிறவன். துரை தன் பழைய கோட்டுகளில் இன்னொன்றை அவனுக்குக் கொடுத்தார்.

ஆண்டியப்பன் மலையில் இரண்டு நாள் தாங்குவான் என்று லயத்தில் எல்லாரும் நினைத்தார்கள். நான்கு நாள் தாங்கினான். அடுத்த வாரம் பெயர் வெட்டினார்கள். மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலாயியின் தங்கச்சி இருந்தாள். அவள் லயத்து அறையின் முன்பக்கத்தில், ஆட்டுப் பட்டியை ஒதுக்கி, இரண்டு பேருக்கு இடம் தருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

புறப்படும் நாள், பானை சட்டியைக் கட்டிவைத்துவிட்டு, வேலாயியிடம் ஒன்றும் சொல்லாமல் ஆண்டியப்பன் ஆற்றுக்கு இறங்கினான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கவா? யாரிடம்?

வளைவு தாண்டியதும் பார்த்தான். அழகுமுத்து பாறையில் உட்கார்ந்திருந்தான். அவன் காலுக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு இளம் நீர்நாய்கள் நண்டைக் கடித்துக்கொண்டிருந்தன. புது மனிதன், ஒன்றையும் அடிக்காதவன். அவனை நம்ப அவற்றுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆண்டியப்பனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தான். அவன் நொண்டி நடையின் சத்தம் கேட்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அடுத்த கணம் தண்ணீரில் இல்லை, கரையில் இல்லை.

அழகுமுத்து தடியோடு எழுந்து வந்தான். அவனுக்கே வெட்கமாக இருந்தது. குரல் மட்டும் உத்தரவுப்படி வந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அங்கயே நின்னுக்கங்க. நீங்க வந்தா அதுங்க பயப்படுதுங்க."