பெரிய சைஸே போடுங்க

என் மைத்துனன் வேணுவுக்கு மூக்கு இருந்தது, உதடு இருந்தது, அதற்குக் கீழே நேராகக் கழுத்துதான். முகவாய் என்று ஒன்றை வைக்கக் கடவுள் மறந்துவிட்டார். கன்னமும் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய்க் கிடக்கும். அவன் ஊரான கெடாரில் சவரக்கடை வைத்திருக்கும் பச்சைமுத்து, பிடிக்க வேறு இடமில்லாமல் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சவரம் செய்வார். ரசம் வாயிலிருந்து வழிந்தால் நடுவில் தங்க இடமில்லாமல் நேரே சட்டைக்குப் போய்விடும். மற்றபடி தங்கமான பையன். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற வேலை. பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. நான் அவன் அக்கா வீரம்மாளைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்தில் சைக்கிள் கடை நடத்துகிறவன், பெயர் கண்ணையன். அந்த வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும்.

இந்த விவகாரம் 1986ஆம் வருஷம் ஒரு பஸ்ஸில் ஆரம்பித்தது. கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரத்துக்கு டைப்ரைட்டிங் படிக்க வருகிற விசாலாட்சி என்ற பெண், வேணு கண்டக்டரிடம் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், பையன் விழுந்தான். என்ன ஜோக்கு என்று கேட்டால் சொல்லமாட்டான். அவன் ஜோக்குக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் சிரித்ததில்லை. ஒரு பெண் சிரிக்கிறாள் என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்று நானே முடிவு செய்து, முறைப்படி ஆள் அனுப்பினேன்.

அவள் அப்பா தேவநாதன் மாட்டுத் தரகர். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்லுகிறவர். கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, கிழட்டு மாட்டை இளசாக்கிச் சந்தைக்கு ஓட்டி வருகிறவர்களைத் தூரத்திலேயே பிடித்துவிடுவார் என்று பேர். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் வேணுவை ஒரு பக்கமாக நின்று பார்த்தார். சுற்றிப் போய் இன்னொரு பக்கமாகவும் பார்த்தார்.

"பையன் நல்ல பையன்தாங்க. ஆனா தாடை இல்லியே! நாளைக்கு எம் பேரப்புள்ளைங்க எல்லாம் கோழிக்குஞ்சாட்டம் பொறந்தா நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றார்.

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வேணு கிணற்றடியில் உட்கார்ந்து அழுதான். முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு அழக்கூட அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பச்சைமுத்து கடையில் கிடந்த ஒரு பழைய வாரப் பத்திரிகைதான் அடுத்த பேஜாரைக் கிளப்பியது. மெட்ராஸில் ஒரு டாக்டர், சிலிகான் என்று ரப்பர் மாதிரி எதையோ உள்ளே வைத்து முகவாயும் கன்னமும் எடுத்துக் கொடுக்கிறார் என்று அதில் போட்டிருந்தது. வேணு அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிட்டான்.

"மாமா, நீங்க கூட வரணும். இல்லன்னா நான் இப்டியே செத்துப் போறேன்."

சாகிறேன் என்கிறவனிடம் என்ன பேசுவது? கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். கடைசி நேரத்தில் அவன் அம்மா வெள்ளையம்மாளும் கட்டுச்சோற்று மூட்டையோடு ஏறிக்கொண்டாள். அத்தை இல்லாமல் எந்தக் காரியம் கெட்டிருக்கிறது?

டாக்டர் நல்ல மனிதர். மேஜைமேல் ஒரு தட்டை வைத்தார். முகவாய்க்கு, கன்னத்துக்கு என்று தனித்தனியாக, சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் இருந்தன. பார்க்க நுங்கு மாதிரி வழவழவென்று இருந்தது.

"இவர் முகத்துக்கு நடு சைஸ் பொருத்தமா இருக்கும்" என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மூணு சைஸும் ஒரே ரேட்டுங்களா?"

"ஆமா. சைஸுக்காக ஃபீஸ் மாறாது."

ஒரே விலை சொல்லிக் குவித்து வைத்த பூசணிக்காயில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

"அப்ப பெரிய சைஸே போடுங்க. மூணு எடத்திலயும்."

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முகம் என்பது அளவு சம்பந்தப்பட்டது என்றார். அத்தை விடவில்லை. "வளர்ற புள்ளைங்க. இப்பக் கொஞ்சம் லூசா இருந்தாலும் போகப்போகச் சரியாப் பூடும்" என்றாள். வேணுவுக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. நான் என் பங்குக்கு, "மூணு வெக்கிறோமே, கொசுறா மூக்குல ஏதாச்சும் தட்டி விடக் கூடாதுங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வேணுவிடம் திரும்பி, "உங்க முகம், நீங்க சொல்லுங்க" என்றார். வேணு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பெருசு" என்றான்.

கட்டுப் பிரித்தபோது வேணுவுக்கு முகம் இருந்தது. நிறையவே இருந்தது. வீக்கம் வடியச் சில வாரம் ஆகும், யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறும்போது சோற்றுத் தூக்கோடு வந்த வீரம்மாள் வேணுவைத் தாண்டிப் போய் நாலாபக்கமும் தேடினாள். கடைசியில் அவனிடமே வந்து, "ஏங்க, எந்தம்பி ஒல்லியா இருப்பான், இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவன் "அக்கா" என்றதும் தூக்கைக் கீழே போட்டாள்.

கெடாரில் இறங்கியதும் ஊர் கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு கேள்வி. அத்தைக்கு வாயில் வந்தது, "பொன்னுக்கு வீங்கிம்மா, ரெண்டு பக்கமும் வாங்கிக்கினு வந்துட்டான்." அது வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தையிடம் சங்கிலி ஏது? எதிர்வீட்டு அஞ்சம்மாள் இரக்கப்பட்டுத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. அவளுக்கு நான் என்ன இளைச்சவளா என்று அதற்கடுத்த வீட்டுக்காரி. வேணு கழுத்து நிறையப் பெண்கள் நகையோடு, உற்சவர் மாதிரி உட்கார்ந்து, கேப்பைக் கூழை ஓரவாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

நான்தான் பொறுக்கமாட்டாமல், பையன் சதை போட்டுத் தேறிவிட்டான், மறுபடி வந்து பாருங்கள் என்று கண்டாச்சிபுரத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வீக்கம் வடிந்த பிறகு வருவார் என்று நினைப்பு. ஆனால் விசாலாட்சி மற்ற வரன்களுக்கெல்லாம் தலையாட்ட மறுத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. விழுப்புரத்தில் அவளுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை நடந்த அன்று, கூடப் போயிருந்த தேவநாதன் திரும்பும் வழியில் கெடாரில் இறங்கி, மகளோடு நேரே வேணு வீட்டுக்கே வந்துவிட்டார். வேணுவைப் பார்க்க வந்து நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

வேணுவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றார். "இன்னாங்க இது?"

"பொன்னுக்கு வீங்கிங்க" என்றாள் அத்தை, சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால்.

தேவநாதன் முகம் வெளுத்துப்போனது. வயசு வந்த ஆம்பளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் பிள்ளை பிறக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோழிக்குஞ்சுக்குப் பயந்த மனிதருக்கு இப்போது முட்டைக்கே வழியில்லை என்று ஆகிவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நோவும் இல்ல, வீக்கமும் இல்ல. சதைதான். சந்தேகம்னா நீங்களே தொட்டுப் பாருங்க."

மாட்டுத் தரகரிடம் போய்த் தொட்டுப் பாருங்கள் என்றேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேணுவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தார். "வாயத் தொற" என்றார். வேணு திறந்தான். உள்ளே தையல் தெரிந்தது.

"இது எலும்பும் இல்ல, சதையும் இல்ல" என்று என் பக்கம் திரும்பினார். சந்தையில் திருட்டு மாட்டோடு பிடிபட்டவனைப் பார்க்கிற பார்வை அது. "கொம்பு சீவற கூட்டமாடா நீங்க? யார் பண்ண வேல இது? விசாலாட்சி, கெளம்பு!"

வேணு எழுந்தான். கழுத்துச் சங்கிலிகள் கலகலத்தன.

"யாரும் பண்ணலீங்க, நானேதான் போனேன். ரப்பர்தாங்க இது. உங்களுக்குத் தாடை வேணும்னீங்க. எங்கிட்ட இல்ல, நான் எங்க போவேன்? அறுத்து உள்ள வெச்சுக்கினு வந்தேன். உங்க பொண்ணு பஸ்ல சிரிச்சுதுங்க. எல்லாரும் என் மூஞ்சப் பாத்துதான் சிரிப்பாங்க. அது நான் சொன்னதக் கேட்டு சிரிச்சுது."

உதடு சரியாக மூடாததால் பாதி வார்த்தை காற்றாகவே வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தேவநாதன் அங்கிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "மாட்டுக்காரன் கொம்பு சீவி ஏமாத்திப் பாத்திருக்கேன். பல்லத் தேச்சு ஏமாத்திப் பாத்திருக்கேன்" என்றார். "மாடே தானா நடந்து போயி சீவிக்கினு வந்து நிக்கிறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது.

அதுவரை கதவோரம் நின்ற விசாலாட்சி இரண்டடி முன்னால் வந்தாள். வேணுவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

நாங்கள் மெட்ராஸுக்கு அழைத்துப் போனோம், கூழ் கரைத்துக் கொடுத்தோம், ஊரே வந்து சங்கிலி போட்டது. அந்த ஒரு வார்த்தையை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

வேணு இல்லை என்று தலையாட்டப் பார்த்தான். முடியவில்லை. மேடிட்ட கன்னத்தில் கண்ணீர் இறங்க வழி தெரியாமல் காதுப் பக்கம் ஓடியது.

"ரொம்ப வலிச்சுதுங்க" என்றான். "இப்பவும் வலிக்குது. உங்கப்பா வேற போட்டு அமுக்கிட்டாரு."

விசாலாட்சி திரும்பி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அமுக்கிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைப் பார்த்து, "வீட்ல வெத்தில பாக்கு வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.