நடுத்திட்டில் நின்ற சவுரிராயன்கள்

சவுரிராயனின் முதல் ஆள் ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் வடக்கே, நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்கிடையே வந்து நின்றது. அதே காக்கிச் சட்டை, அதே வழுக்கை தொடங்கிய நெற்றி, வலது காதில் செல்போன். உண்மையான சவுரிராயனோ தனியார் பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் விழுப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அந்த இடத்தைக் கடக்கையில் மனைவி பூமாலையிடம் போனில் அவன் சொன்ன வார்த்தையையே நடுத்திட்டில் நின்றது மூச்சுக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தது: "ரசத்துல உப்பு கம்மிடி. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு."

இது அவன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுகிறவர்களின் உரிமத்தை நிறுத்தி வைப்பதென்று போலீசார் கண்டிப்புக் காட்டத் தொடங்கிய ஆண்டு அது. யார் பேசினாலும், பேசிய இடத்தில் அவரைப் போல ஒருவர் இறங்கி நின்றுவிடுவார். ஆவணி முடிவதற்குள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருநூற்றுப் பதினான்கு பேர் நின்றார்கள். மழையில் நனைந்தார்கள், வெயிலில் காய்ந்தார்கள், அவர்கள் நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. அரிசி ஆலை சுப்பராயலு காரிலிருந்து யாரிடமோ சொன்ன "அவ ஊர்ல இல்ல, நீ கிளம்பி வா" என்பதை மயிலம் போகிற பக்தர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர் மனைவி ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து அந்த ஆளின் தலையில் கவிழ்த்துவிட்டு, அப்படியே கண்டாச்சிபுரத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போக்குவரத்து சப் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி ஒவ்வொன்றின் சட்டைப்பையிலும் அபராதச் சீட்டைச் செருகினார். "தப்பிச்சி ஓடாத குற்றவாளிங்கள இப்பத்தான் சார் பாக்குறேன்" என்று மேலதிகாரியிடம் சொன்னார்.

பூமாலைக்கும் சவுரிராயனுக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அவர்கள் காதல் முழுக்கப் போனிலேயே வளர்ந்தது. விழுப்புரத்தில் மருந்துக்கடை வேலைக்குத் தினமும் அவன் பஸ்ஸில் போய்வந்தவள், ஒருநாள் டிக்கெட்டின் பின்புறம் எண்ணை எழுதி இன்ஜின் மூடியின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள். கடையில் கூட்டமில்லாத நேரமும் அவன் வண்டி ஓட்டுகிற நேரமும் ஒன்றாக இருந்ததால், இரண்டு வருடம் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காதலித்தான். கல்யாணமாகிப் பத்து வருடமான பிறகும், மகள் சங்கவி நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும், எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. போனில் "நீ" என்றும் "டா" என்றும் கொஞ்சுகிறவள் வீட்டில் "சாப்பாடு வைக்கட்டுங்களா?" என்பாள். அவன் தலையாட்டுவான். மறுநாள் காலை பஸ் சாரம் ஊரைத் தாண்டியதும் முந்தைய இரவு பேசாததையெல்லாம் பேசுவார்கள்.

ஆட்கள் கூடக் கூட அவன் குறைந்தான். முதலில் சட்டை தொளதொளத்தது. புரட்டாசியில், மழை நின்ற சேற்றில் அவன் நடந்தால் தடம் விழவில்லை. ஒரு சாயங்காலம் சங்கவி அவன் எதிரில் இருந்தும் நகரச் சொல்லாமல், அவன் வழியாகவே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பூமாலை அதைக் கண்டு அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுவாரம் அன்புச்செல்வி பஸ்ஸை மறித்து அவனை இறக்கி, ஜீப்பில் ஏற்றி, கூட்டேரிப்பட்டு முதல் விக்கிரவாண்டி வரை நிற்கிற அவன் ஆட்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நாற்பத்தொன்று இருந்தன.

"எல்லாம் ஒரே பொண்டாட்டிகிட்டயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

"எங்க வீட்டுக்காரரு வருஷத்துக்கே இவ்ளோ பேசினதில்ல. அதுக்காக வுட்ருவேன்னு நெனைக்காத. இன்னொண்ணு நின்னுச்சு, லைசென்ஸு போச்சு."

அதன்பின் பத்தொன்பது நாள் சவுரிராயன் போனைக் கண்டக்டர் சின்னதுரையின் பையில் போட்டுவிட்டு ஓட்டினான். புதிதாக ஆள் எதுவும் நிற்கவில்லை. ஆனால் வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. பூமாலை எதையாவது சொல்ல நினைப்பாள், அவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவனும் வாய் திறப்பான், பிறகு தண்ணீர் கேட்பான். இருபதாம் நாள் காலை அவளால் பொறுக்க முடியவில்லை. மருந்துக்கடையின் பின்கட்டிலிருந்து அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தேதான் போட்டாள், ஏழு முறை போட்டாள். ஏழாவதில் சின்னதுரை, "யோவ், வீட்ல எதுனா ஆயிடுச்சா பாருய்யா, பேஜாரா இருக்குது" என்று போனை அவனிடம் நீட்டினான்.

"இன்னா விஷயம், சொல்லு" என்றான் சவுரிராயன்.

கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே நடுத்திட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாக, ஒன்பதாம் வகுப்பு கலைப்பிரியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். சவுரிராயன் அவளைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான். மிதிப்பதற்குப் போதுமான ஆள் அவனிடம் இல்லை. சின்னதுரை பாய்ந்து இரண்டு கைகளாலும் பிரேக்கை அமுக்கிய பிறகே பஸ் நின்றது. அதற்குள் முன்சக்கரம் பிள்ளையின் இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது. அந்தச் சத்தம் முழுவதையும் மருந்துக்கடையின் பின்கட்டில் நின்ற பூமாலை போனில் கேட்டாள்.

கலைப்பிரியா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தாள். பாதியளவு பாதத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. சவுரிராயனின் உரிமம் போயிற்று, வழக்கு நடந்தது. ஜாமீனில் வந்தவன், கொடியில் உலர்த்திய வேட்டியைப் போல வீட்டுக்குள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தி வைக்கவேண்டியிருந்தது. மார்கழி பிறந்ததும் பூமாலை வேலையை விட்டுவிட்டு நெடுஞ்சாலைக்குப் போனாள்.

முதல் ஆளின் முன் அவள் நெடுநேரம் நின்றாள். லாரிகள் இருபுறமும் அலறிக்கொண்டு ஓடின. அது உப்பைப் பற்றிச் சொன்னது. அவள் கூசி, தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து அதன் கண்ணைப் பார்த்து, "உப்பு டப்பா காலிடா. உன்கிட்ட வாங்கியாரச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு உட்டுட்டேன்" என்றாள். அது போனைக் காதிலிருந்து இறக்கியது. அவள் பின்னாலேயே நடந்து வந்து பஸ் ஏறியது. "இதுக்கு டிக்கெட் போடணுமா, வாணாமா?" என்று வேறு வண்டிக்கு மாறியிருந்த சின்னதுரை தலையைச் சொறிந்தான். வீட்டு வாசலில் அது, சட்டைக்குள் கை நுழைவதுபோல சவுரிராயனுக்குள் நுழைந்தது. அவனுக்கு ஒரு விரல் கனம் கூடிற்று.

யாரிடம் சொன்னதோ அவரே நேரில் வந்து உண்மையாகப் பதில் சொன்னால் ஆள் வந்துவிடும் என்ற செய்தி பரவியது. தை மாதம் முழுக்க நடுத்திட்டில் மனைவிகளும் தாய்மார்களும் கடன்காரர்களும் நின்று பேசினார்கள். அன்புச்செல்வி அவர்கள் சாலையைக் கடக்க இரண்டு காவலர்களை நிறுத்தினார். சுப்பராயலுவின் ஆளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. பூமாலை நாற்பத்தோரு நாளில் நாற்பத்தோரு பேரைக் கூட்டிவந்தாள். "கோவமா?" என்று ஒன்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். "தூங்கிட்டியா நேத்து?" என்றதற்கு, இல்லை, உன் முதுகைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தேன் என்றாள். பத்து வருடத்தில் பேசாததை எல்லாம் அவள் அங்கே பேசினாள். நாற்பத்தோராவது ஆள் உள்ளே நுழைந்த சாயங்காலம் சவுரிராயன் கட்டிலில் உட்கார, கட்டில் கிறீச்சிட்டது. "சாப்பிடுறியா?" என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

விபத்தன்று இறங்கி நின்ற கூட்டேரிப்பட்டு ஆள் மட்டும் மிச்சமிருந்தது. அதனிடம் அவள் கடைசியாகத்தான் போனாள்.

"இன்னா விஷயம், சொல்லு" என்றது அது.

"ஒண்ணுமில்லடா. உன் குரலு கேக்கணும்போல இருந்துச்சு. அவ்ளோதான்."

அதைவிட உண்மையான பதில் அவளிடம் இல்லை. ஆனால் அது போனை இறக்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை, அவள் தோளைத் தாண்டிப் பள்ளிக்கூடப் பக்கமே பார்த்தது. அவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் கலைப்பிரியா ஊன்றுகோலோடு வந்து, வண்டிகள் ஓயட்டும் என்று அதன் பக்கத்தில் நின்றாள். பூமாலை யாரென்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முதுகைக் காட்டியே நின்றாள்.

"இன்னா விஷயம், சொல்லு" என்றது ஆள்.

"காலு வலிக்குது" என்றாள் பிள்ளை. வழக்கமாகச் சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தாள்.

அதன் பிறகு பூமாலை அதைக் கூப்பிடப் போகவில்லை. சவுரிராயன் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிறான். அந்த ஒரு ஆளின் கனம் குறைந்தவனாகவே இருக்கிறான், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். கூட்டேரிப்பட்டில் நிற்பதற்குச் சாலைத்துறையினர் முழங்கால் வரை கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்துவிட்டார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகையில் ஒருமுறை, சாயங்காலம் திரும்புகையில் ஒருமுறை, அது கேட்கிறது. கலைப்பிரியா சொல்லிவிட்டுப் போகிறாள்.