தோளில் பட்ட நான்கு அடிகள்

செவ்வாய்க்கிழமை காலை பேருந்து அடையாறு டிப்போவுக்குள் திரும்பும்போதுதான் அந்தச் செய்தியைக் கைபேசியில் படித்தேன். மெல்போர்னில் முன்னாள் கால்பந்தாட்டக்காரர் லாக்லன் மெரிக் கொடுத்திருந்த இழப்பீட்டு மனுவை நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி. ஒன்பது ஆண்டு ஆட்டப் பதிவுகளில் அவருக்குத் தலையில் அடிபட்டதாக ஓரிடத்தில்கூட இல்லை.

"இறங்குமா, வழில நின்னுக்கினு போன் பாக்குற," என்றார் பின்னால் வந்தவர்.

இறங்கினேன். டிப்போ சுவரோரம் நின்று அந்த வரியை மறுபடி படித்தேன். அந்தப் பதிவுகளைச் செய்தவள் நான்.

எங்கள் அலுவலகம் இந்திரா நகரில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் ஆடும் ஒரு கால்பந்தாட்டத்தைப் பத்துப் பேர் திரையில் பார்த்து, யார் பந்தைத் தொட்டார், உதைத்தாரா, முஷ்டியால் குத்தி அனுப்பினாரா, எகிறிப் பிடித்தாரா என்று நொடிக்கு நொடி பதிவோம். அங்கே மதியம் என்றால் இங்கே காலை. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து. "உன் முட்டைப் பந்துக்காரனுங்க இன்னிக்கும் கீறானுங்களா?" என்று அம்மா சனிக்கிழமைதோறும் கேட்பாள்.

மெரிக்கின் சட்டை எண் இருபத்தேழு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த அணி அவனுடையது. அவனுக்கும் அதுதான் முதல் சீசன். பத்தொன்பது வயது, மெலிந்த கழுத்து. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று ஆட்டங்கள், அத்தனையும் என் விரல் வழியாகப் போனவை. இடது காலால் உதைக்கும் முன் ஓர் எட்டு கூடுதலாக வைப்பான். முழங்கால் அறுவைக்குப் பிறகு அது நின்றுவிட்டது. அவன் பயிற்சியாளர் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன். நான் ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஐந்தாம் சீசனில் ஓர் ஆட்டம். பந்தை எடுக்கக் குனிந்தவனின் காதோரம் எதிராளியின் முழங்கால் மோதியது. சற்று நேரம் கிடந்துவிட்டு எழுந்தான். எழுந்தவன் எதிரணி ஆட்கள் கூடி நின்ற இடத்துக்குப் போய் அவர்களோடு நின்றுகொண்டான். அவர்கள் சிரித்தார்கள். நான் 'தலையடி' என்று பதிந்தேன்.

இடைவேளையில் எங்கள் மேலாளர் பிரபு சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கயல், அத்தத் தோள்னு மாத்திடு."

"தலைலதான் சார் பட்டுது. பார்த்தேன்."

"நீ இன்னா டாக்டரா? பத்து நிமிஷத்துல திரும்ப ஆட வந்துட்டான்ல? டாக்டர் சொன்னாத்தான் தலை. தலைன்னு போட்டா கிளையண்ட் என்னைப் போட்டுத் தாளிக்கிறான்மா."

மாற்றினேன். அதன் பிறகு மூன்று முறை, பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே மாற்றினேன்.

போன வருடம், இருபத்தெட்டு வயதில், மெரிக் ஆட்டத்தை விட்டான். சில நாள் காலையில் மகளின் பெயர் அவனுக்கு வருவதில்லை என்று அவன் மனைவி பேட்டியில் சொல்லியிருந்தாள்.

முன்பு நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தோம். குடிசைகளைக் கணக்கெடுக்க வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு நேரே 'பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு போனார். அம்மா உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்த ஒரு சொல்லை அழிக்க மூன்று ஆண்டு அலைந்த பிறகே பெரும்பாக்கத்தில் எங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. அப்படி எழுதியவனை அம்மா இன்றும் திட்டுகிறாள். அவன் முகம் எனக்கு நினைவில் இருந்ததே இல்லை. அன்று டிப்போ சுவரோரம் நின்றபோது அவனுக்கு என் முகம் வந்தது.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை தஹ்சீனுடையது. "இன்னா கயல், பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றாள். கைபேசியை நீட்டினேன். படித்தாள்.

"நம்ம பதிவா?"

"என் பதிவு."

"வுடு. வெளிய வாயத் தொறக்க மாட்டோம்னு கையெழுத்து போட்டுக் குடுத்துக்கிறோம்ல."

"நான் வெளிய சொல்லப் போறதில்ல. வேலையைத்தான் செய்யப் போறேன்."

திருத்தம் எங்களுக்கு அன்றாட வேலை. முடிந்துபோன எந்த ஆட்டத்தையும் திறந்து திருத்தலாம். திருத்துபவர் தன் ஊழியர் எண்ணை அடித்து, காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். முதலில் பதிந்தது, பிறகு மாற்றியது, இப்போது திருத்தியது என்று மூன்றும் லீக்குக்கும் இரண்டு அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் தானாகவே மின்னஞ்சலில் போய்விடும்.

நான்கு ஆட்டங்களையும் திறந்தேன். நான்கிலும் 'தோள்' என்பதை எடுத்துவிட்டுத் 'தலையடி' என்று பதிந்தேன். காரணக் கட்டத்தில், 'நான் முதலில் பதிந்தது சரி. மேலாளர் சொன்னதற்காக மாற்றியது தவறு' என்று எழுதி, என் எண்ணை அடித்தேன். நூற்றுப் பதினான்கு.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிரபு சார் தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுப் பண்ண? அங்கேர்ந்து போன் மேல போன் வருது! திரும்பத் தோள்னு மாத்து. இப்பவே!"

"மாத்த மாட்டேன் சார்."

"இன்னாது?"

"நீங்க மாத்துங்க." எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "உங்க நம்பர் போட்டு, காரணம் எழுதி."

உட்கார்ந்தார். திருத்தப் படிவம் திறந்திருந்தது; எண்ணுக்கான கட்டத்தில் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அறையில் விசைப்பலகைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு எப்போதும் மௌனம் எளிது. இத்தனை ஆண்டு அது அவருக்குத்தான் உதவியிருந்தது. அவர் விரல்கள் விசைகளின் மேல் போய் நின்றன. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் யாரு உனக்கு? மாமனா, மச்சானா?" என்றார்.

"யாருமில்ல சார். தலைல பட்டுது. பார்த்தேன்."

எழுந்தார். "நாளைலேர்ந்து வராத."

"அதையாவது உங்க பேர்ல எழுதிக் குடுங்க சார்," என்றேன்.

தஹ்சீன் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுதித் தரட்டும் என்று என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.