தயாபரன் விழுந்த ஏற்றம்

கர்க்லாண்டில் வசித்த தயாபரன் ஞாயிறு காலைகளில் பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் காட்டுப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவார். கூடப் போகிறவன் நிதின். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐடி வேலை பார்ப்பவன். போன இலையுதிர்காலத்தில் அந்தப் பாதையிலேயே மாரடைப்பு வந்து தயாபரன் இறந்துபோனார்.

பனி உருகியதும் அவர் மனைவி வதனி நிதினுக்கு போன் செய்தாள்.

"அந்த இடத்தை நான் ஒருக்காப் பாக்கவேணும், தம்பி."

இருவரும் நடந்தே போனார்கள். மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஓர் ஏற்றத்தில் நிதின் நின்றான்.

"இங்கதான் அக்கா."

ஈர மண்ணும் சைக்கிள் தடங்களும் தவிர அங்கே எதுவும் இல்லை. சைக்கிளில் வந்த ஒரு பெண் பிரெஞ்சில் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லி, அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"கடைசியா ஏதும் கதைச்சவரோ?" என்று வதனி கேட்டாள்.

நிதின் தரையைப் பார்த்தான். "அமைதியாப் போனார்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது உண்மை இல்லக்கா. பயமா இருக்குன்னு சொன்னார். என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தார்."

"நீங்கள் கையை விடேல்லைத்தானே?"

"இல்லக்கா. ஆம்புலன்ஸ்ல ஏத்துற வரைக்கும் விடல."

செத்தவீட்டில்கூட அழாத வதனி அங்கேயே குந்தியிருந்து அழுதாள். நிதின் பக்கத்தில் நின்றான். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்தப் பாதை இதுக்குப் பேந்து எங்க போகுது?"

"காட்டைச் சுத்தி பார்க்கிங்குக்கே வந்திரும். ஆனா ஒரே சேறா இருக்கும்."

"பரவாயில்லை. நடப்பம்," என்றாள் வதனி.