மேஸ்திரி வீட்டு மேசை

குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தார் மேஸ்திரி. முந்தின வாரம் அவருடைய மனைவி அங்கே வழுக்கி விழப் பார்த்தாள். வாயில் இரண்டு திருகாணி, கையில் டிரில்லிங் மெஷின், தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. வாசலில் நிழல் தட்டியது. திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"குடிக்கத் தண்ணி ஏதாவது வேணுமா மேஸ்திரி?"

தெருவே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். மரவேலை, குழாய் வேலை, கதவு, சன்னல், எதுவானாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் பெண்டாட்டிக்கு மட்டும் கல்யாணமான நாள் முதலாய் அவர் 'என்னங்க'. கோபம் வந்தால் அதுவும் கிடையாது; சுவரைப் பார்த்துப் பேசுவாள். அதனால் கேலி செய்கிறாள் என்று நினைத்துத் திருகாணியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"என்னடி, புது மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

அவள் ஒரு அடி பின்னால் போனாள். முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேஸ்திரி அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு நாள் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லிக் கேட்பது வேறு, கண்ணெதிரே நடப்பது வேறு.

மறதி முதலில் அவள் கையில்தான் தெரிந்தது. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. தையல் கடைகளில் மிச்சம் விழும் துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து, நிறம் பிரித்து, சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பாள். அளவு நாடா அவளுக்கு வெறும் அலங்காரம்தான், கண்ணாலேயே மூலைக்கு மூலை பிசகாமல் வெட்டுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். வீடு முழுக்கப் புகை.

அன்றோடு மேஸ்திரி வெளிவேலையை நிறுத்தினார். ஊர் வீடுகளையெல்லாம் சரிசெய்தவர் சொந்த வீட்டில் கை வைத்தார். வாசல் தாழ்ப்பாளை அவளுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினார். கேஸ் அடுப்புக் குழாய்க்குப் பூட்டு போட்டார். நிலைப்படிகளைச் செதுக்கித் தரையோடு தரையாக்கினார். இஸ்திரிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார். கடைசியாக அவளுடைய கத்தரிக்கோலை எடுத்துத் தன் கருவிப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தார்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. கறுப்புக் கைப்பிடி போட்ட பெரிய கத்தரிக்கோல். அதைத் துணி தவிர வேறெதன்மீதும் வைக்க விடமாட்டாள். ஒரு தடவை அவர் அவசரத்துக்கு அதில் மரம் தேய்க்கிற உப்புத்தாளை வெட்டிவிட்டார். அவ்வளவுதான், ஒரு வாரம் சுவரோடுதான் பேச்சுவார்த்தை. இப்போது அவள் அதைத் தேடி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து திறந்து மூடினாள். எதைத் தேடுகிறோம் என்பது பாதியில் மறந்துபோகும். கை மட்டும் தேடிக்கொண்டே இருக்கும்.

குளியலறைச் சம்பவத்துக்குப் பிறகு, பகலில் அவர் மேஸ்திரி ஆனார். கையில் சுத்தியலோ திருப்புளியோ இருந்தால் போதும், அவளுக்கு அவர் வேலைக்கு வந்த ஆள். முதல் இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தார். அவள் மிரண்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தார்.

"இந்தக் கதவையும் கொஞ்சம் இழைச்சு விட்டுடட்டுங்களா?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. அவள் முகம் தெளிந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இழைச்சு விடுங்க. எங்க வீட்டுக்காரரும் இந்த வேலைதான். ஊர்க் கதவெல்லாம் அவர் கைபட்டு வழுக்கிட்டுப் போகும். எங்க வீட்டுக் கதவு மட்டும் எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி கத்தும்."

மேஸ்திரி இழைப்புளியை ஓட்டிக்கொண்டே கேட்டார். "நீங்க சொல்றதில்லையா?"

"யார்கிட்ட சொல்றது? மனுஷன் எப்பப் பாத்தாலும் வாயில ஆணியைக் கவ்விக்கிட்டு நிப்பாரு. ஆணியைக் கவ்வுன வாய்கிட்ட என்ன பேச முடியும்? 'உம்'னா உம், 'ம்ஹூம்'னா ம்ஹூம். நல்ல மனுஷன்தான். குறை சொல்லக்கூடாது." சற்று நேரம் மரச்சுருள்கள் விழுவதைப் பார்த்திருந்தாள். "ஒரு மேசை கேட்டேன். துணி விரிச்சு வெட்டுறதுக்கு. பொண்ணு தவழ்ந்துட்டு இருந்தப்ப கேட்டது. நாளைக்கு, நாளைக்குன்னாரு. தரையில குனிஞ்சு வெட்டி வெட்டி என் முட்டி ரெண்டும் போச்சு."

மேஸ்திரியின் கை நின்றுவிட்டது. அவள் கேட்டது அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு தடவை கேட்டதும் நினைவிருந்தது. நல்ல பலகை கிடைக்கட்டும் என்பார். பலகை கிடைத்தால் அது யாரோ ஒருவர் வீட்டு அலமாரியாகிவிடும். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை.

"நான் செஞ்சு தரேங்க" என்றார்.

மறுநாளே மரக்கடைக்கு ஆள் அனுப்பிப் பலகை வரவழைத்தார். சன்னலோரம் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து அளவெடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்று அதிகாரம் செய்தாள். "இன்னும் ஒரு விரல் உயரம். போதும். ஓரத்தை மழுக்கி விடுங்க, துணி மாட்டும்." உயரம் பார்க்க அவள் பக்கத்தில் போய் நின்று, முழங்கை எங்கே மடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். அவள் தோள் எவ்வளவு இறங்கிப்போயிருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தார். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒரு காலைச் சீவிச் சீவிச் சரிசெய்தார். வாயில் ஆணி வைத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கேட்காததையும் சொன்னார்.

மேசையின்மேல் அவள் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க மேஸ்திரி" என்றாள் மெல்ல. "தன் கையாலதான் செய்யணும்னு நினைச்சிட்டிருந்திருப்பாரு. மனசு கஷ்டப்படும்."

மேஸ்திரி சரி என்று தலையாட்டிவிட்டு, தூசி தட்டுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, மேசைமேல் வைத்தார். மூட்டையிலிருந்த துணிகளையும் விரித்து வைத்தார். அவள் கண் விரிந்தது. எடுத்தாள். விரல்கள் தாமாகக் கைப்பிடிக்குள் போய் உட்கார்ந்தன. துணியை நீவினாள். மடிப்பை எடுத்தாள். கத்தரிக்கோலைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அங்கேயே நின்றது.

"இங்கேர்ந்துதானே?" என்று அவரைக் கேட்டாள்.

அவருக்கு என்ன தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவளை ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் அல்லவா தெரியும்? "எங்கேர்ந்து வேணாலும் வெட்டலாங்க" என்றார். அவள் தலையசைத்தாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு மறுபடி துணியை நீவினாள். அன்று சாயங்காலம்வரை நீவிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அந்த மேசையில் ஒரு துண்டுகூட வெட்டப்படவில்லை. துணிகளை விரிப்பாள், நீவுவாள், மடிப்பாள். அவ்வளவுதான்.

வெயில் சாய்ந்ததும் அவரை அனுப்பிவிடுவாள். "போதும் மேஸ்திரி, வீட்டுக்குப் போங்க. உங்க சம்சாரம் தேடுவாங்க." அவர் கருவிகளை எடுத்துவைத்துவிட்டு வெளியே போவார். தெருவை ஒரு சுற்று சுற்றி, கொல்லைக் குழாயில் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக வருவார். அவள் காத்திருப்பாள்.

"என்னங்க, இவ்வளவு நேரமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் பகல் முழுக்க மேஸ்திரியாக இருந்தார் என்று சொல்ல வேண்டும். அவள் நாள் நடப்பைச் சொல்வாள். வேலைக்கு வந்த ஆளைப் பற்றிச் சொல்வாள்.

"எப்படிப்பட்ட ஆளு?" என்று ஒருநாள் கேட்டார்.

"உங்களை மாதிரியேதான். ஆனா அவரு பேசுறாரு."

அன்றிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரரும் பேசக் கற்றுக்கொண்டார். இளவயதில் வேலைசெய்த வீடுகளின் கதை, ஏணியிலிருந்து விழுந்து அவளிடம் மறைத்த கதை, எல்லாம் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் ஆனபோதுகூட இருவரும் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அதுவும் போயிற்று. வெள்ளைச் சட்டையோடு வந்தவரை அவள் வாசலிலேயே மறித்தாள். "யாருங்க நீங்க? அவர் இல்லாத நேரத்துல உள்ளே வரக்கூடாது." அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டாள். மழையில் நனைந்துகொண்டே கொல்லைக்குப் போய், அழுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வாங்க மேஸ்திரி" என்றாள். "நல்லவேளை வந்தீங்க. யாரோ ஒரு ஆள் வந்து நின்னுட்டுப் போறான். பயமா இருக்கு. அவர் வர்றவரைக்கும் கொஞ்சம் இருங்க."

அன்றிலிருந்து அவர் முன்னறையில் படுத்துக்கொண்டார். சாயங்காலமானால் இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் புருஷனுக்காகக் காத்திருப்பாள். அவரும் அவள்கூடச் சேர்ந்து காத்திருப்பார்.

"இன்னும் காணோமே?"

"வேலை முடியலையாம். சொல்லி அனுப்பினாரு."

மகள் வெளியூரிலிருந்து வந்தாள். அம்மா அவளை யாரோ விருந்தாளி என்று நினைத்து, "இவர் நம்ம வீட்டு மேஸ்திரி. தங்கமான மனுஷன்" என்று அறிமுகப்படுத்தினாள். மகள் அடுக்களைக்கு ஓடிப்போய் அழுதாள். அவர் பின்னாலேயே போனார்.

"நான்தான் உன் புருஷன்னு சொல்லிடுங்களேன்ப்பா. எத்தனை நாளைக்கு இந்த நாடகம்?"

"சொன்னேம்மா. ஒருநாள் தாங்காம சொல்லிட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னையே பார்த்துட்டு இருந்தா. 'அவர் செத்துட்டாரா மேஸ்திரி? அதைச் சொல்ல முடியாமத்தான் இப்படிச் சொல்றீங்களா?'ன்னு கேட்டா. அப்புறம் அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. அவளை விதவையாக்கிட்டு நான் எதுக்கும்மா புருஷனா இருக்கணும்?"

மகள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கினாள்.

குளிர் தொடங்கியதும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். அவளே தைத்த போர்வைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கண்ணை மூடியபடி கிடந்தவள் ஒரு மத்தியானம் விழித்தாள்.

"மேஸ்திரி, அவர் வந்தாரா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கட்டிலோரம் குனிந்தார்.

"வந்துட்டாருங்க. கை கால் கழுவிட்டிருக்காரு."

அவள் முகத்தில் அத்தனை நாள் இருந்த தவிப்பு இறங்கியது. "அலைஞ்சு திரிஞ்சு வந்திருப்பாரு" என்றாள். "முதல்ல சாப்பிடச் சொல்லுங்க."

மேஸ்திரி எழுந்தார். அடுக்களைக்குப் போனார். மகள் பின்னாலேயே வந்து தட்டு வைத்தாள். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அவள் சொன்னபடியே ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவர் கையலம்பிவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.