சலோமியின் வலது கை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருஷம் எனக்குள் ஊறிக் கிடந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் என் மனைவியின் கைப்பை மூடவில்லை. மேலே இரண்டு உலோகக் குமிழ்கள் ஒன்றையொன்று உரசித் தாண்டி ‘டக்’கென்று மூடுமே, அந்த மாதிரிப் பை. பக்கத்து நாற்காலி அம்மாள் அதைக் கேட்காமலே கையில் வாங்கினார். குமிழைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி மூடிக்காட்டினார்.

“இந்த பிரேம்தான் நாங்க செஞ்சது தம்பி. இதையே இல்ல. இது மாதிரி.”

அவர் பெயர் அஞ்சுகம். கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குடும்பம். இளவயதில் கோட்டுச்சேரியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். இலையில் பாயசம் விழுவதற்குள் சலோமி என்ற பெயரை மூன்று நான்கு தடவை சொல்லிவிட்டார். பிறகு நான் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் மறுத்த இடங்களை அடித்துவிடாமல் இங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

“எழுபதுகளின் இறுதியில், உப்புக்காற்று வீசும் காரைக்கால் கடற்கரையில்…” (நிறுத்திவிட்டேன். பட்டறையில் காற்றே கிடையாது என்றார் அஞ்சுகம். தகரக் கொட்டகை, எண்ணெய் வாடை, முலாம் தொட்டியின் நெடி.)

“சலோமியின் விரல்கள் மிக அழகானவை…” (கூடாது. இப்போதே புகழ்ந்தால் பின்னால் வரப்போவது தெரிந்துவிடும். தலைப்பிலேயே தெரிந்துவிட்டது என்கிறீர்களா, அதுவும் சரிதான்.)

ஆகையால் நேராகவே சொல்கிறேன். லூர்துநாதன் என்பவர் பம்பாயில் பர்ஸுக்கும் கைப்பைக்கும் உலோக பிரேம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அதே வேலையைத் தொடங்கினார். இரும்புப் பட்டையை அளவாக வெட்டி, துணி செருகுவதற்குப் பள்ளம் போட்டு, அச்சில் வைத்து வில்லாக வளைக்க வேண்டும். இரண்டு வில்களை ஓரத்தில் ஆணியடித்துச் சேர்த்தால் ஒரு வாய். தலையில் குமிழ் பற்றவைத்து, நிக்கல் முலாம் பூசினால் முடிந்தது. பை தைப்பது இங்கே இல்லை. பிரேம்கள் சாக்கில் கட்டி மதராசுக்குப் போய்விடும்.

“வெறும் வாயா செய்வோம். வயிறு எங்கயோ தைப்பாங்க,” என்றார் அஞ்சுகம். (இந்த வரியை நானே எழுதியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன்.)

3

சலோமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். தாய் இல்லை. தகப்பனார் அடைக்கலராஜ், பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டில் பியூனாக இருந்தவர். பிரெஞ்சு நன்றாகவே பேசுவார், பேசத்தான் ஆள் இல்லை. தங்கை அந்தோணிமேரி நாலு வயது சின்னவள். மூவரும் கோட்டுச்சேரியில் இரண்டு அறை ஓட்டு வீட்டில் இருந்தார்கள்.

சலோமிக்குப் பாரிஸ் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சிலுவைராஜ். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அங்கே கார் தொழிற்சாலையில் வேலை. காரைக்காலில் அப்படியொரு வரன் அமைந்தால் அடுத்த தெருவரை பேச்சாக இருக்கும். அவர் லீவில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார். சலோமியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“குளிரு தாங்குவியா?”

“முலாம் தொட்டிக்குப் பக்கத்துல வெந்துக்கிட்டுதான் இருக்கேன். குளிரு வந்தா நல்லதுதான்,” என்று சொல்லியிருக்கிறாள். சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி அஞ்சுகத்திடம் ஒரு மாதம் பேசியிருக்கிறாள்.

[அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதினேன். அஞ்சுகம் அதைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன்.]

4

அந்த வருஷம் ஆர்டர் கூடியது. பட்டையை வளைக்கக் கையால் சுழற்றும் பிரஸ் போதவில்லை என்று லூர்துநாதன் மோட்டார் பிரஸ் ஒன்று வாங்கிப் போட்டார். காலால் மிதித்தால் மேல் அச்சு இறங்கி ஒரு அடி அடிக்கும். கை உள்ளே போகாதபடி முன்னால் கம்பி வலை இருந்தது. வலை இருந்தால் பட்டையை வைத்து எடுக்கத் தாமதமாகிறது என்று அதைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான்.

ஒரு முற்பகல். சலோமி மிதித்தாள், அடி இறங்கியது. வளைந்த பட்டையை எடுக்கக் கையை நீட்டினாள். மிதிக்காமலே இன்னொரு அடி இறங்கியது.

“கத்தினாளா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. ‘அஞ்சுகம், இதை நிறுத்து’ன்னா. ரேடியோவ நிறுத்தச் சொல்றாப்ல.”

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. (மோதிர விரல் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது அஞ்சுகம் தன் கையை விரித்து, தொட்டுக் காட்டினார். “இதும் இதும். மோதிர விரலு இருந்துச்சு. அதான் கொடும.”)

லூர்துநாதன் ஆஸ்பத்திரித் திண்ணையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். “வலையக் கழட்டச் சொன்ன வாய் அழுவிப் போவ,” என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாளே வலையைத் திரும்ப மாட்டினார்.

5

மாப்பிள்ளையின் தாயார் செல்வம்மாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். இவரைக் கெட்டவராக எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு வரைவில் காது நிறையத் தங்கமும் கடுகடு முகமும் கொடுத்தேன். அஞ்சுகம் இல்லையென்று தலையாட்டிவிட்டார். செல்வம்மாள் அழுதாராம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதாராம். அழுது முடித்து அடைக்கலராஜிடம் சொன்னார்:

“அங்க வேலைக்கு ஆளு கிடையாதுங்க. சமையலு, துணி, கடை கண்ணி, எல்லாம் ஒத்த ஆளாப் பாக்கணும். இந்தக் கைய வச்சிக்கிட்டு இது என்னா பண்ணும்? எம்புள்ளையும் யோசிக்கிறான்.”

அடைக்கலராஜ் பழப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“உறவு வுட்டுப்போவக் கூடாது. சின்னதைக் குடுங்க. அவன்கிட்ட கேட்டுட்டுதான் வந்திருக்கேன்.”

அந்தோணிமேரி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். “நான் மாட்டேன். அவரு அக்காவுக்குப் பேசுனவரு.”

சலோமி தங்கையைப் பார்க்கவில்லை. செல்வம்மாளைப் பார்த்துத்தான் சொன்னாள். “அவ சம்மதிப்பா. நீங்க போயிட்டு வாங்க.”

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சலோமி மனமுவந்து விட்டுக்கொடுத்தாளா? விட்டுக்கொடுக்கும் அக்காவை நான் நம்புவதில்லை. கதைகளில் அவர்கள் ரொம்ப அதிகம். அதனால் அவள் தங்கையை வெறுத்தாள் என்று ஒரு வரைவு எழுதினேன். தட்டை எறிகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். வாசித்து முடித்ததும் அஞ்சுகம் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ரெண்டுந்தான் தம்பி. தங்கச்சிக்கிட்ட கொஞ்ச நாளு பேசல. பட்டறைக்கு வந்தா அவளப் பத்தியேதான் பேசுவா. குளிருக்கு என்னா போட்டுப்பாளோ, சோறு கெடைக்குமோன்னு.”

கல்யாணத்தன்று காலையில் தங்கைக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தாள். சிறுவயதிலிருந்து அவள்தான் பின்னுவாள். மிச்ச மூன்று விரலில் முடிக்கால் நிற்கவில்லை. பின்னப் பின்ன அவிழ்ந்தது. அஞ்சுகம் உதவிக்குப் போனார். அந்தோணிமேரி அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

“அக்காவே பின்னட்டும்.”

முடிந்தபோது சடை தொளதொளவென்று இருந்தது. “நல்லாருக்குக்கா,” என்றாள் அந்தோணிமேரி. அந்தச் சடையோடுதான் கோயிலுக்குள் போனாள். முக்காட்டுக்குள்ளேயே அது அவிழ்ந்துவிட்டது.

7

சலோமி திரும்ப வேலைக்கு வந்தாள். இடது கையால் குமிழ் பற்றவைக்கப் பழகினாள். வருஷங்கள் போயின. வரன் எதுவும் வரவில்லை. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது, மதலேன் என்று பெயர் வைத்தார்கள், போட்டோ வந்தது. பட்டறையில் எல்லோரும் கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

[“வருஷங்கள் போயின” என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஆனால் அஞ்சுகமும் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. வேலைக்கு வந்தோம், போனோம் என்றார்.]

எண்பத்தாறில் ஒரு நாள் சலோமி வழக்கம்போல் வந்தாள். குமிழ் பற்றவைக்கும் அடுப்பை மூட்டினாள், வேலை செய்தாள். மோட்டார் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஏதோ சொன்னாள்.

“என்னா?” என்று கத்தினார் அஞ்சுகம்.

சலோமி திரும்பச் சொன்னாள். விளங்கவில்லை.

“சத்தமா சொல்லு புள்ள!”

ஏதோ சரியில்லை என்று கண்ட லூர்துநாதன் அதே நேரம் மோட்டாரை நிறுத்திவிட்டார். சலோமிக்கு அது தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்:

“மேரி செத்துப்போச்சு!”

நின்றுபோன பட்டறை முழுக்க அது கேட்டது. தன் குரலுக்குத் தானே பயந்ததுபோல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தின நாளே தந்தி வந்திருந்தது. மூளைக் காய்ச்சல். அங்கேயே அடக்கம் செய்யப்போகிறார்கள். “வீட்டுல அப்பா அழுவுறாரு. எனக்கு அங்க இருக்க முடியல,” என்றாள்.

இந்த இடத்தை நான் மாற்றவில்லை. மாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

8

சில மாதம் கழித்து, லீவுக் காலத்தில், செல்வம்மாளும் சிலுவைராஜும் குழந்தையோடு வந்தார்கள். இரண்டாம் தாரமாகச் சலோமியைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். சலோமி அஞ்சுகத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். ஆகவே இனி வருவது அஞ்சுகம் கண்ணால் கண்டது. என்னால் மட்டும்தான் அதைக் கெடுக்க முடியும். இரண்டு தடவை கெடுத்தேன்.

முதல் முடிவு: செல்வம்மாள் கேட்கிறார். சலோமி வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “இந்தக் கை என்னா பண்ணும்னு கேட்டீங்களே?” என்கிறாள். எல்லோரும் தலைகுனிகிறார்கள். (அஞ்சுகம்: “பேசியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அவ பேசல.”)

இரண்டாவது முடிவு: சிலுவைராஜ் அவள் காலடியில் அமர்ந்து மன்னிப்புக் கேட்கிறார். பழைய சிரிப்பு இருவருக்கும்… (இதை வாசித்துக் காட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது.)

9

நடந்தது இது.

செல்வம்மாள் பாயில் உட்கார்ந்தார். சிலுவைராஜ் நாற்காலியில். முடி நரைத்து, இளைத்து, தரையைப் பார்த்தபடி இருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“வேத்தாளு எவளோ வந்து வளத்தா நல்லாவா இருக்கும்?” என்றார் செல்வம்மாள். “பெரியம்மா நீ இருக்க. நான் அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சிக்காத சலோமி. நான் உங்கிட்ட வேற என்னா கேக்கறது?”

சலோமி சுவரோரம் நின்றாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

ஐந்து வயது மதலேன் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. முன்னறையைப் பார்த்தது. அடுக்களைக்குள் போய் அஞ்சுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது. கொல்லைக் கதவைத் தள்ளிப் பார்த்தது. கிளம்பும்போது “அம்மா வீட்டுக்குப் போறோம்” என்று பிரெஞ்சில் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள்.

பிறகு கூடத்தின் நடுவில் வந்து நின்று, திண்ணைப் பக்கம் இருந்த தாத்தா அடைக்கலராஜைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ கேட்டது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது. கேட்டதில் ‘மமான்’ என்ற சொல் இருந்தது. காரைக்காலில் அந்தச் சொல்லுக்கு அம்மா என்று அர்த்தம் தெரியாதவர்கள் குறைவு.

சிலுவைராஜ் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அடைக்கலராஜ் சலோமி பக்கம் திரும்பினார்.

“தண்ணி கேக்குது,” என்றார் சலோமியிடம்.

சலோமி அவரைப் பார்த்தாள். “சரிப்பா,” என்றாள். அடுக்களைக்கு வந்து, பானையில் மொண்டாள். டம்ளர் ஆடி முந்தானை நனைந்தது. அஞ்சுகம் வாங்கப் போனார். கொடுக்கவில்லை. அந்த வலது கையிலேயே பிடித்துக்கொண்டு போய், பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு நீட்டினாள்.

மதலேன் தண்ணீரைப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது, இந்தத் தடவை அவளிடம்.

சலோமி டம்ளரைக் கீழே வைத்தாள். திரும்பாமலே செல்வம்மாளிடம் கேட்டாள்.

“எப்பக் கெளம்பணும்?”

10

அவள் போனாள். அது மட்டும் நிச்சயம். பட்டறையில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாள். அங்கே சலோமி எப்படி வாழ்ந்தாள், அந்த மனிதரோடு பேசினாளா, பிள்ளை அவளை என்னவென்று கூப்பிட்டது, எதுவும் அஞ்சுகத்துக்குத் தெரியாது. நானாக இட்டுக்கட்டவும் விரும்பவில்லை. இதற்குமேல் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு ஒரு நல்ல வீடு கொடுத்தாலும் சரி, நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஆனால் அவளை விமானம் ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கூடத்துக்குப் போக வேண்டும். பிள்ளை இரண்டு தடவை கேட்டுவிட்டு நிற்கிறது. யாராவது பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.