ரிலீவர்

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தபடியே நந்தினி வேன் நின்ற பக்கம் பார்த்தாள். அவர் அசையவில்லை. தனுஷ்கோடியின் கூரையில்லாத தேவாலயத்துக்குப் பின்னால், சங்கு விற்கும் பெண் குடிதண்ணீருக்காக மணலில் தோண்டியிருந்த குழியின் ஓரம் குந்தியிருந்தார். குழிக்குள் சத்தமில்லாமல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

“பம்பு நின்னுபோச்சு,” என்றார் ராஜாங்கம். “கீழேருந்து ஏறுது பாரு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். சற்று முன்புவரை நன்றாகத்தான் இருந்தார். இலங்கைக்குக் கப்பல் ஏற வெள்ளைக்காரன் ரயில் விட்ட ஊர், ஒரே புயலில் போய்விட்டது என்று டிரைவர் தங்கராசுவுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் சுவரைத் தட்டிப் பார்த்து, நம்ம குவார்ட்டர்ஸை விடக் கெட்டி என்று சிரித்தார். இப்போது சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு கறுத்திருந்தது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ராமேசுவரம்தான் போக வேண்டும்.

நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில் தண்ணீர் எப்போதும் முட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் பம்புகள் ஓயாமல் இறைத்தால்தான் தரை தாங்கும். நின்றால் பிளந்துகொண்டு மேலே வரும். அந்தப் பம்புகளில் ஒன்றைத்தான் ரிட்டயர் ஆகும்வரை அப்பா பார்த்தார். ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டு ஆள், வந்து நேரில் பொறுப்பேற்காமல் அவர் நகர்ந்ததில்லை. நந்தினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டாம் தடவை காபி குடித்து முடித்த பிறகுதான் வீட்டுக்கே வந்தார்.

தங்கராசு ஓடி வந்தான். “போலீஸ் விசில் அடிச்சிகினு வராங்க மேடம், இருட்டறதுக்குள்ள எல்லாரையும் கிளம்பச் சொல்லி. தூக்கிடலாமா?”

இருவரும் தூக்கப் பார்த்தார்கள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, உதறிவிட்டார். எல்லாரும் மேலே ஏறுங்கள் என்று சுற்றுலா வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். சிலர் சிரித்தார்கள், ஒருவன் செல்போனை நீட்டினான். ஒவ்வொரு கத்தலுக்கும் மூச்சு குறைந்துகொண்டே வந்தது.

“வாங்கப்பா, போயிடலாம்.”

“ரிலீவர் வராம நான் எப்படி வர்றது?”

வேனிலிருந்து அம்மா பிளாஸ்க்குடன் வந்தாள். நந்தினி சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். புடவையைச் சுருட்டிக் குழியோரம் உட்கார்ந்தாள். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று நந்தினிக்குப் புரிந்துவிட்டது.

“அம்மா, வேணாம்,” என்றாள். ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

“நான் வந்துட்டேங்க,” என்றாள் ஜானகியம்மாள். “நான் பாத்துக்கறேன். நீங்க வூட்டுக்குக் கிளம்புங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தண்ணி லெவலைப் பாத்துக்கினே இருக்கணும். தூங்கிடாத.”

“ம்.”

உள்ளங்கை மணலைத் தட்டிவிட்டு, தானாகவே எழுந்தார். ஷிப்டு முடிந்தவர்போல நந்தினியின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். கை கனத்துக்கொண்டே வந்தது. வேன் படியில் ஒரு காலை வைத்தார். மறுகாலைத் தங்கராசுதான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள், நெய்வேலியில் நந்தினியின் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் உறவுகள் வந்தபடி இருந்தன. கடைசியில் என்ன சொன்னார் என்று அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். கஷ்டப்படவில்லை என்று மட்டும் நந்தினி சொன்னாள்.

அம்மா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அழவில்லை. வழியெல்லாம் வேனிலும் கண்ணை மூடவில்லை. தூக்கும் நேரம் நெருங்கியது. அத்தை கலியம்மாள் வந்து, எழுந்து குளித்துவிட்டு வரச் சொன்னாள். அம்மா கேட்டதாகவே தெரியவில்லை. இன்னொரு தடவை தோளைத் தொட்டுச் சொன்னபோது, கூட்டத்தில் நந்தினியைத் தேடிப் பிடித்துத் தலையசைத்துக் கூப்பிட்டாள்.

“நீ வந்து உக்காரு. அப்பறந்தான் நான் எழுந்திரிப்பேன்.”

நந்தினி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“பெத்தவ கூப்பிடறா, போய் உக்காரேன்டி,” என்று அத்தை முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

அம்மா எழுந்த இடத்தில் பாய் சூடாக இருந்தது. அம்மா கொல்லைப்பக்கம் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நந்தினியின் மகள் கிருஷ்ணப்ரியா, அழுது வீங்கிய முகத்தோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகே உட்கார வந்தாள்.

நந்தினி நிமிர்ந்து பார்க்காமல், அவள் உட்கார முடியாதபடி, பக்கத்தில் காலியாக இருந்த பாயின் மேல் கையை அகல விரித்து வைத்துக்கொண்டாள்.